வாய்க்கால் சல்லடை மீன்குஞ்சைக் காப்பாற்றுகிறதா? எதை அளந்து பார்த்துச் சொல்வது?

#1 · யாக்கிமாவாசி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கில் வாய்க்கால் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஆப்பிள், செர்ரி, ஹாப்ஸ் விளைகிற ஊர். ஆண்டுக்கு 8 அங்குல மழை பெய்தால் பெரிது. யாக்கிமா ஆற்றுத் தண்ணீர் தலைமதகு வழியாக இறங்கினால்தான் வெள்ளாமை.

மதகு திறப்பது வசந்தத்தில். சால்மன் குஞ்சுகளும், ஸ்டீல்ஹெட் என்ற கடலுக்குப் போய்வரும் டிரவுட் மீனின் குஞ்சுகளும் கொலம்பியா ஆற்றுக்கும் அங்கிருந்து கடலுக்கும் இறங்குவதும் அதே வசந்தத்தில்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் குஞ்சு போகும். வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டால் அதற்குக் கடல் கிடையாது. ஏதோ ஒரு தோட்டத்துக் குழாயிலோ, அக்டோபரில் மதகு அடைத்தபின் தேங்கும் குட்டையிலோ செத்துப்போகும்.

இதைத் தடுக்கத்தான் சல்லடை. 1980இல் வந்த வடமேற்கு மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, கொலம்பியா அணைகளால் மீனினத்துக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டும் பணத்தில் சன்னிசைடு, ரோசா, வாபட்டோ, சாண்ட்லர் போன்ற பெரிய வாய்க்கால்களில் முதலில் புதுச் சல்லடைகள் கட்டினார்கள். அப்புறம் சின்ன வாய்க்கால்களுக்கும் வந்தன. பெரும்பாலும் டிரம் வகை. தலைமதகைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே சாய்வாக, கம்பிவலை போர்த்திய பெரிய உருளைகள் வரிசையாகப் படுத்திருக்கும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். குப்பையும் பாசியும் உருளையின் முதுகில் ஏறி மறுபக்கம் விழுந்துவிடும். தண்ணீர் வலைக்குள் புகுந்து போகும். குஞ்சுகள் சாய்வை ஒட்டியே நகர்ந்து, கடைசியில் இருக்கும் திரும்புவழிக் குழாயில் இறங்கி ஆற்றுக்கே போய்விட வேண்டும்.

இப்போது என் பிரச்சினை. ஒரு சின்ன வாய்க்கால், பெயர் வேண்டாம். சல்லடைக்கு முன்னால் நீரின் வேகத்தைப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். எல்லாம் வரம்புக்குள் இருந்ததால் சல்லடை தேறிவிட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். நான் நீளக் கம்பியில் கேமராவைக் கட்டி அடியில் இறக்கிப் பார்த்தேன். உருளைக்கும் காங்கிரீட் தளத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய சீல் ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சரளைக்குள்ளிருந்து அப்போதுதான் வெளிவந்த சினூக் வகைச் சால்மன் குஞ்சின் நீளமே சுமார் 35 மி.மீ. அதற்கு அந்த இடைவெளி அகலத் திறந்த கதவு.

வேகத்தை அளந்தால் போதுமா? உயிருள்ள மீனை விட்டுத்தான் சோதிக்க வேண்டுமா? ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியது எது? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 · புதுப்புனல்

சார், நான் சிவில் மூன்றாம் ஆண்டு. அடிப்படைக் கேள்வி ஒன்று. துளை சின்னதாக இருந்தால் குஞ்சு உள்ளே போகாது, அத்தோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். வேகத்தை எதற்கு அளக்கிறார்கள்?

#3 · கரிகாலன்77

தம்பி, துளை சின்னதாக இருந்தால் குஞ்சு உள்ளே போகாது, சரி. வலையிலேயே ஒட்டிக்கொள்ளும். இழுப்பு அதன் நீந்தும் வலுவை மிஞ்சினால் வலைமேல் அப்பிக்கொண்டு, செவுள் அசைக்க முடியாமல் செத்துவிடும். துளை வழியாகப் போவது ஒருவகை இழப்பு, ஒட்டிச் சாவது இன்னொரு வகை.

அதனால் வேகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். வலைக்குச் செங்குத்தாக உள்நோக்கி இழுக்கும் வேகம் ஒன்று. வலையை ஒட்டித் திரும்புவழி நோக்கித் தள்ளும் வேகம் இன்னொன்று. அமெரிக்கத் தேசியக் கடல் மீன்வளச் சேவையின் வரம்பு இப்படி: 60 மி.மீ.க்குக் குறைந்த சால்மன் குஞ்சுக்கு, தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் சல்லடை என்றால் இழுக்கும் வேகம் விநாடிக்கு 0.4 அடிக்கு மேல் கூடாது. அப்படிச் சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லாவிட்டால் 0.2 அடி. தள்ளும் வேகம் இழுக்கும் வேகத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். குஞ்சு வலைமுன் 60 விநாடிக்கு மேல் நிற்கும்படி அமைப்பு இருக்கக் கூடாது. நெய்த கம்பிவலையிலும் துளைத்தகட்டிலும் துளை 2.4 மி.மீ.க்குள், பட்டைக் கம்பிச் சல்லடையில் இடைவெளி 1.75 மி.மீ.க்குள். மொத்தப் பரப்பில் 27 சதவீதமாவது திறப்பு வேண்டும்.

விநாடிக்கு 100 கன அடி எடுக்கிற வாய்க்காலுக்கு 0.4 அடி வேகம் என்றால் 250 சதுர அடி வலை நனைந்திருக்க வேண்டும். சல்லடைகள் இவ்வளவு நீளமாக இருப்பது இந்தக் கணக்கால்தான்.

அளப்பது ஒலி டாப்ளர் வேகமானியால். வலை முகத்திலிருந்து 3 அங்குலம் தள்ளி, கட்டம் கட்டமாக, மேல் நடு கீழ் என்று. சராசரி 0.4க்குள் இருந்து ஒரு மூலையில் மட்டும் 0.9 வந்தால் அந்த மூலைதான் மீனைக் கொல்லும். அதை வலைக்குப் பின்னால் இருக்கும் தடுப்புப் பலகைகளைத் திருகி, நீரைப் பரப்பிச் சரிசெய்யலாம். இந்த வேலையை ஒழுங்காகச் செய்தாலே முக்கால் பங்கு முடிந்தது என்பது என் கருத்து. யாக்கிமா நண்பர் சொல்லும் சீல் கிழிசல் பராமரிப்புக் குறை. சல்லடை மதிப்பீட்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

#4 · யாக்கிமாவாசி

கரிகாலன் சார், விளக்கத்துக்கு நன்றி. கடைசி வரியில்தான் நான் மாறுபடுகிறேன். குஞ்சு வடிவமைப்புக் குறையால் வாய்க்காலுக்குள் போனாலும் பராமரிப்புக் குறையால் போனாலும் அதற்கு ஒரே முடிவுதான். பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தார் இங்கே சின்ன வாய்க்கால்களை ஆண்டுதோறும் சுற்றிப் பார்த்த காலத்தில் வேகமானியோடு நீருக்கடிக் கேமராவையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். சீல், குப்பை, நீர்மட்டம், திரும்புவழி நான்கையும் ஒரே அறிக்கையில் எழுதினார்கள். அந்த முறைதான் சரி.

டிரம் சல்லடையில் நீர்மட்டம் தனிப் பாடம். உருளையின் விட்டத்தில் 65 முதல் 85 சதவீதம் வரை மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் குப்பை முதுகில் ஏறாமல் முன்னாலேயே சேரும், நனையும் பரப்பும் குறைந்து வேகம் கூடும். அதிகமானால் உருளையே குஞ்சைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடும். ஏப்ரலில் மதகைக் கால்வாசி திறந்தபோது ஒரு மட்டம், ஜூலையில் தோட்டமெல்லாம் தண்ணீர் கேட்கும்போது வேறொரு மட்டம். அதிகாரி வந்து அளக்கும் நாளில் மட்டம் சரியாக இருந்தால் மற்ற நாளைப் பற்றி அந்த அளவு ஒன்றும் சொல்லாது.

#5 · மீன்கொத்தி

இந்த இழையைப் பார்த்ததில் மிகவும் மகிழ்ச்சி. கலிபோர்னியாவில் மீன் உயிரியல் பக்கம் வேலை செய்கிறேன். உயிருள்ள மீனை விட்டுச் சோதிப்பதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் அவசரமாகச் செய்த சோதனை, சோதனையே செய்யாததைவிடக் கெடுதல்.

முதல் கேள்வி: எத்தனை குஞ்சு சல்லடையைத் தாண்டி வாய்க்காலுக்குள் போகிறது? அடையாளமிட்ட குஞ்சுகளைச் சல்லடைக்கு மேல்பக்கம் விடுவோம். சல்லடைக்குப் பின்னால் வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பை வலை கட்டிப் பிடிப்போம். 1,000 விட்டோம், வலையில் 12 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 1.2 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. வலை எல்லாவற்றையும் பிடிக்காது. அதற்காகச் சல்லடைக்குப் பின்னால், வலைக்கு நேர் முன்னால் வேறு நிறக் குஞ்சுகள் 200 விட்டுப் பார்க்க வேண்டும். அதில் 80 கிடைத்தால் வலை பிடிப்பது 40 சதவீதம். அப்படியானால் அந்த 12 உண்மையில் 30. இழப்பு 3 சதவீதம். வலையின் திறனைச் சொல்லாத எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை.

ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் இழப்பு பூச்சியம் என்று சொல்ல முடியாது. 1,000 விட்டு, 40 சதவீதம் பிடிக்கும் வலையில் எதுவுமே சிக்காவிட்டால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது இழப்பு சுமார் 0.75 சதவீதத்துக்குள் என்பது மட்டுமே. 50 குஞ்சை விட்டுப் பார்த்துவிட்டுச் சல்லடை முழுப் பாதுகாப்பு என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்று இந்தக் கணக்கே காட்டும்.

இரண்டாவது: காயம். திரும்புவழியில் வந்த குஞ்சின் உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செதில் எவ்வளவு உரிந்திருக்கிறது, கண், துடுப்பு, செவுள்மூடி எப்படி இருக்கின்றன என்று பார்ப்போம். செதிலும் வழுவழுப்பும் போன குஞ்சு அன்றைக்கு உயிரோடிருக்கும், நான்கு நாளில் பூஞ்சை பிடித்துச் சாகும். அதனால் 96 மணி நேரம் தொட்டியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, கையில் எடுத்தாலே செதில் உரியும். எனவே சல்லடைப் பக்கமே போகாமல், மற்ற எல்லாக் கையாளுதலுக்கும் உட்பட்ட ஒப்பீட்டுக் கூட்டம் ஒன்று கட்டாயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சல்லடையின் கணக்கில் சேரும்.

மூன்றாவதுதான் பலர் தொடாதது: காணாமல் போனவை. 1,000இல் 700 திரும்புவழியில் வந்தது, 30 வாய்க்காலில். மீதி 270 எங்கே? மேல்நோக்கி நீந்தி ஆற்றுக்கே போயிருக்கலாம். சல்லடை முன்னாலேயே தங்கியிருக்கலாம். பெரிய மீன் தின்றிருக்கலாம். பிட் குறி என்ற அரிசியளவு மின்னணு அடையாளத்தை உள்ளே வைத்த மீன் என்றால் நுழைவாயிலிலும் வெளியேறும் இடத்திலும் வளைய ஆன்டெனா வைத்து, எப்போது நுழைந்தது எப்போது வெளியேறியது என்று பதிவு செய்யலாம். ஆனால் வழக்கமான 12 மி.மீ. குறியை 60 மி.மீ.க்குக் குறைந்த குஞ்சுக்குள் வைப்பது கடினம். சீல் கிழிசலில் போவது அந்தச் சின்னக் குஞ்சுதான். அதற்குப் பிஸ்மார்க் பிரவுன் சாயத்தில் ஊறவைத்து அடையாளமிடுவதுதான் வழி.

#6 · காவிரிக்கரையான்

நான் பாபநாசம் பக்கம் விவசாயி. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியதும் குழியில் தேங்கிய மீனை ஊரே இறங்கிப் பிடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆற்று மீன் எப்படி வாய்க்காலுக்கு வந்தது, திரும்பிப் போக வழி உண்டா என்று யோசித்ததே இல்லை.

விவசாயி பக்கமிருந்து இரண்டு கேள்வி. சல்லடைக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்? திரும்புவழியில் ஆற்றுக்கு விடும் தண்ணீர் எங்கள் பங்கில் கழிகிறதா? கடைமடைக்காரனுக்கு அதுதானே கவலை.

#7 · யாக்கிமாவாசி

சரியான கேள்வி அண்ணா. இங்கே பெரும்பகுதிச் செலவு பான்வில் மின்சக்தி நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. கொலம்பியா அணைகளின் மின்சாரத்தை விற்பவர்கள் அவர்கள். மீனுக்கான செலவு மின்கட்டண வருமானத்திலிருந்து வருகிறது. எல்லா ஆற்றிலும் இப்படி அமையாது. பல இடங்களில் பாசன வட்டாரமும் (விவசாயிகளுக்கு நீர் வழங்கும் உள்ளூர் அமைப்பு) அரசும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

தண்ணீரைப் பொறுத்தவரை, எடுக்கும் நீரில் சுமார் 5 சதவீதம் திரும்புவழிக்கு என்று ஒரு வழிகாட்டு அளவு உண்டு. அதைச் சேர்த்தே தலைமதகில் கூடுதலாகத் திறப்பார்கள், சல்லடைக்குப் பின்னால் வயலுக்குப் போகும் அளவு குறையாது. வறட்சி ஆண்டில்தான் சண்டை. ஆற்றிலேயே தண்ணீர் இல்லாதபோது திரும்புவழியை அடைத்துவிடத் தோன்றும். அடைத்த நொடியிலிருந்து குஞ்சு சல்லடை முன்னால் சிறைப்படும். இங்குள்ள விவசாயிகளிடம் நான் சொல்வது: சல்லடை ஒழுங்காக இருந்தால்தான் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் பெயரால் மதகை மூடச் சொல்லி யாரும் நீதிமன்றம் போக முடியாது. இந்தப் பகுதி ஸ்டீல்ஹெட் 1999இல் அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஏறிவிட்டது.

#8 · கரிகாலன்77

மீன்கொத்தி அம்மா எழுதியது அருமை. ஆனாலும் என் எதிர்க்கேள்வியை வைக்கிறேன். இந்த வேக வரம்புகள் வானத்திலிருந்து விழவில்லை. மீனைத் தொட்டியில் நீந்தவிட்டுப் பல ஆண்டு ஆராய்ந்து வந்தவை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வட்டத் தொட்டிக்குள் சல்லடை வைத்து, இழுக்கும் வேகத்தையும் தள்ளும் வேகத்தையும் தனித்தனியே மாற்றி டெல்டா ஸ்மெல்ட் என்ற சின்ன மீனையும் சினூக்கையும் நீந்தவிட்டார்கள். சினூக் குஞ்சு வலையை அடிக்கடி தொட்டது, இரவில் இன்னும் அதிகமாக. ஆனால் ஒட்டிக்கொண்டது அபூர்வம், பிழைத்தவை மிகப் பெரும்பாலானவை. ஸ்மெல்ட்டுக்குத் தாங்கும் வலு குறைவு, அதனால் அதற்கு வரம்பு 0.2 அடி. ஆய்வகம் ஏற்கெனவே பதில் சொன்ன கேள்விக்கு ஒவ்வொரு வாய்க்காலிலும் ஆயிரம் குஞ்சைச் சிரமப்படுத்த வேண்டுமா?

#9 · மீன்கொத்தி

நியாயமான கேள்வி. ஒரு கதையைச் சொல்கிறேன். இது பொதுவில் பதிவான வரலாறு.

சாக்ரமென்டோ ஆற்றில், ஹாமில்டன் சிட்டி அருகே கிளென்-கொலுசா பாசன வட்டாரத்தின் பம்பு நிலையம். விநாடிக்கு 3,000 கன அடி எடுக்கும் திறன். 1972இல் 40 டிரம் கொண்ட சல்லடையைக் கட்டினார்கள். காகிதத்தில் கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் ஆறு 1970லேயே ஒரு வளைவை அறுத்துக்கொண்டு நேராக ஓட ஆரம்பித்திருந்தது. பம்பு நிலையத்தருகே நீர்மட்டம் சுமார் 3 அடி இறங்கிவிட்டது. மட்டம் இறங்கினால் வலை நனையும் பரப்பு குறையும், இழுக்கும் வேகம் ஏறும், திரும்புவழியில் நீர் இறங்காது. நீங்களும் யாக்கிமா நண்பரும் மேலே சொன்ன எல்லாமே ஒரே இடத்தில் நடந்தது. சல்லடை என்ற பெயரில் ஒரு கட்டுமானம் இருக்கிறது, மீன் செத்துக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே குளிர்கால சினூக் 1960களின் இறுதியில் லட்சத்துக்கு மேல் இருந்தது, 1990களின் தொடக்கத்தில் சில நூறாகிவிட்டது. அந்த வீழ்ச்சிக்கு ஷாஸ்டா அணையிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர், ரெட் பிளஃப் அணைக்கட்டு, வறட்சி என்று பல காரணங்கள், இந்தப் பம்பு அவற்றில் ஒன்று. 1991இல் கூட்டாட்சி அரசே வட்டாரத்தின்மேல் வழக்குப் போட்டது, பம்பு இயக்கத்தை நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. நெல் வயல்களுக்குப் போகும் தண்ணீர் அது. கடைசியில் 1,100 அடி நீளத்துக்குத் தட்டையான புதுச் சல்லடை. அதோடு இறங்கிய நீர்மட்டத்தை ஏற்ற ஆற்றுப் படுகையிலேயே பாறைகளைக் கொட்டிப் படி அமைத்தார்கள். 3,000 கன அடியைக் கலிபோர்னியாவின் வரம்பான விநாடிக்கு 0.33 அடிக்குள் எடுக்க வேண்டுமானால் 9,000 சதுர அடிக்கு மேல் வலை வேண்டும். அந்த நீளம் எங்கிருந்து வந்தது என்று புதுப்புனல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆய்வகத்து வரம்பில் பிழை இல்லை. ஆறு அசையாமல் நிற்கும் என்று எண்ணிக்கொண்டு அதைப் பயன்படுத்தியதில்தான் பிழை.

இன்னொன்று. கலிபோர்னிய மாநில நீர்த்திட்டத்தின் பெரிய பம்புகளுக்கு முன்னால் மீனை ஒதுக்கிப் பிடிக்கும் ஸ்கின்னர் நிலையம் இருக்கிறது. அதற்கும் முன்னால் கிளிஃப்டன் கோர்ட் என்ற ஏரி போன்ற முன்தேக்கம். அங்கே அடையாளமிட்ட சினூக் குஞ்சுகளைப் பல முறை விட்டுப் பார்த்தபோது, நிலையத்தை எட்டுவதற்கு முன்பே காணாமல் போனவை 63 முதல் 99 சதவீதம் வரை. பெரும்பாலும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனின் வயிற்றில். வேகத்தை மட்டும் அளந்து கொண்டிருந்தால் இந்த எண் நமக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. மீனை விட்டதால்தான் தெரிந்தது.

#10 · கரிகாலன்77

63 முதல் 99 சதவீதமா! இதை நான் அறிந்திருக்கவில்லை. சரி, என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன்: நீர்மட்டத்தையும் வலையின் இருபக்க மட்ட வித்தியாசத்தையும் பருவம் முழுக்கப் பதிவு செய்யும் கருவி இல்லாமல் ஒருநாள் வேக அளவுக்கு மதிப்பில்லை. மட்ட வித்தியாசம் 0.1 அடியைத் தொட்டால் சுத்தம் செய்யும் தூரிகை ஓட வேண்டும் என்பது விதி. தூரிகை எப்போதெல்லாம் ஓடியது என்ற பதிவே சல்லடையின் உடல்நிலையைச் சொல்லிவிடும். செலவும் குறைவு. மீன் சோதனை புதுச் சல்லடைக்கு முதல் ஆண்டிலும், ஆறோ அமைப்போ மாறும்போதும் போதும் என்பது இன்னமும் என் எண்ணம்.

#11 · சிற்றோடை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் ஒரு சல்லடை எத்தனை மீனைத் தடுக்கிறது என்று பேசுகிறீர்கள். அந்த மீன் பிழைத்ததால் ஆற்றில் மீன் கூடியதா என்பதுதானே கேள்வி? 2005இல் பீட்டர் மோய்லும் ஜாஷுவா இஸ்ரேலும் இதைத்தான் கேட்டார்கள். கலிபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்கிலும் சாக்ரமென்டோ ஆற்று டெல்டாவிலும் ஒரு கணக்கெடுப்பில் 3,356 இடங்களில் தண்ணீர் எடுப்பது தெரிந்தது. அவற்றில் 98.5 சதவீதத்தில் சல்லடை இல்லை, அல்லது இருந்தும் போதவில்லை. கோடிகோடியாகப் பணம் சல்லடைக்குப் போகிறது, மீனின் தொகை அதனால் உயர்ந்தது என்று காட்டும் ஆய்வு அரிது என்றார்கள். பெரிய ஆற்றின் ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் எத்தனை குஞ்சை இழுத்துவிடும்? அந்தப் பணத்தில் வெள்ளச் சமவெளியை மீட்கலாம், குளிர்ந்த நீர் விடலாம்.

சல்லடை தடுப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாசனக் குழாய், ஒன்றுக்குச் சல்லடை, மற்றொன்றுக்கு இல்லை என்று வைத்துப் பார்த்தபோது சல்லடை 99 சதவீதத்துக்குக் குறையாமல் தடுத்தது. யாரோ சல்லடையில் கைவைத்துக் கலைத்த சமயம் மட்டும் விலக்கு. ஆனால் சல்லடை இல்லாத குழாயிலும் டெல்டா ஸ்மெல்ட் அதிகம் வரவில்லை. 99 சதவீதம் தடுத்தாலும், தடுக்க அங்கே மீன் இருக்க வேண்டுமே?

#12 · யாக்கிமாவாசி

மிக முக்கியமான கேள்வி, நண்பரே. பெரிய ஆற்றுக்கும் சின்ன உபநதிக்கும் ஒரே பதில் கிடையாது என்பது என் அனுபவம்.

ஐடஹோவில் லெம்ஹி ஆறு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்து வாய்க்கால்கள் அதிலிருந்து பிரிகின்றன. ஆற்று நீரில் பெரும்பங்கு வாய்க்காலுக்குள்தான் போகிறது. பிட் குறி வைத்த சினூக் குஞ்சுகளைக் கொண்டு, வழியில் உள்ள எல்லா வாய்க்கால்களின் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சல்லடையே இல்லாவிட்டால் இடைநிலை நீரோட்டத்தில் கடலுக்கு இறங்கும் குஞ்சுகளில் 71.1 சதவீதம் வாய்க்கால்களுக்குப் பலியாகக்கூடும். சல்லடைகளால் அது 1.9 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு வாய்க்காலையும் தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். குஞ்சு எல்லாவற்றையும் வரிசையாகக் கடந்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சாக்ரமென்டோ ஓரத்துச் சின்னக் குழாய்க்கு உங்கள் வாதம் பொருந்தலாம். எங்கள் உபநதிகளுக்குப் பொருந்தாது. எங்கே முதலில் சல்லடை என்று தீர்மானிக்க மொத்த ஓட்டத்தில் எத்தனை பங்கை அந்த மதகு எடுக்கிறது, குஞ்சு இறங்கும் மாதத்தில் எடுக்கிறதா, எந்த ஆழத்திலிருந்து எடுக்கிறது என்ற மூன்றையும் பார்த்தாலே பட்டியல் கிடைத்துவிடும்.

#13 · சிற்றோடை

லெம்ஹி எண் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உபநதியைத் தாண்டும்வரை உள்ள கணக்கு. அதற்குப் பிறகு அணைகள், கடல். திரும்பி வந்து முட்டையிடும் மீனின் எண்ணிக்கையில் அந்த லாபம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் யாராவது பின்தொடர வேண்டும். அதுவரை சல்லடையை மீட்சியின் ஒரே அளவுகோலாக வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

#14 · மீன்கொத்தி

இதில் உங்களோடு முழு உடன்பாடு. என்னைக் கேட்டால், ஒரு சல்லடையின் மதிப்பீட்டு எல்லை தலைமதகில் தொடங்கித் திரும்புவழிக் குழாய் ஆற்றில் விழும் இடத்துக்குக் கீழேயும் கொஞ்ச தூரம் போக வேண்டும். சாண்ட்லர் வாய்க்காலின் திரும்புவழி ஆற்றில் விழும் இடத்தில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து குஞ்சுகளைத் தின்பதை முறையாகவே ஆய்ந்திருக்கிறார்கள். குஞ்சு தின்னும் பைக்மின்னோ மீனும் அங்கே காத்திருக்கும். இருட்டுக் குழாயில் வந்து திடீரென்று வெளிச்சத்தில் விழுந்த குஞ்சுக்குத் திசை பிடிபடச் சிறிது நேரமாகும், தின்பவைக்கு அந்த நேரம் போதும். சல்லடை முகத்தில் 99 சதவீதம் காப்பாற்றிவிட்டு வெளியேறும் இடத்தில் பத்தில் இரண்டைப் பறிகொடுத்தால் நாம் எழுதும் 99 பொய்க்கணக்கு. ஆழமும் ஓட்டமும் உள்ள இடமாகப் பார்த்துக் குழாய் வாயை அமைக்க வேண்டும்.

#15 · புதுப்புனல்

எல்லோருக்கும் நன்றி. கணக்குப் போட்டேன்: 1,100 அடி நீளத்துக்குச் சுமார் 8 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழம் வருகிறது.

யாக்கிமா சார் முதலில் சொன்ன அந்தச் சின்ன வாய்க்காலுக்கு என்ன செய்வது? அங்கே பெரிய ஆய்வுக்குப் பணம் இருக்காதே.

#16 · மீன்கொத்தி

குறைந்த செலவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வரிசையைத்தான் மாற்றக் கூடாது.

தண்ணீர் திறக்கும் முன், வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே எல்லாச் சீலையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். 2.4 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே அது நுழைகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறி போடலாம். அடிச்சீல், பக்கச்சீல், உருளைகளுக்கு நடுவே உள்ள தூண் ஓரம், மூன்றும். தண்ணீர் விட்டபின் கேமராவால் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் நீரின் அழுத்தத்தில் ரப்பர் மடங்கும்.

அடுத்தது மட்டக்கோல். உருளைக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று. 65, 85 சதவீதக் கோட்டை வண்ணத்தில் வரைந்துவிட்டால், மதகு இயக்குபவரே தினமும் பார்த்துக் குறித்துக்கொள்வார். வேகமானியை ஒருநாள் இரவல் வாங்கலாம், ஆனால் குறைந்த மட்டத்தில் ஒருமுறை, உச்ச மட்டத்தில் ஒருமுறை அளக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியான பிறகே மீன். கிழிந்த சீலை வைத்துக்கொண்டு மீனை விட்டுச் சோதிப்பது மீனுக்குச் செய்யும் அநியாயம். பொரிப்பகக் குஞ்சையே கேளுங்கள், காட்டுக் குஞ்சைத் தொடாதீர்கள். பட்டியலில் உள்ள இனம் வலையில் சிக்க வாய்ப்பிருப்பதால் முன் அனுமதி இல்லாமல் வலையை நீரில் இறக்கவே கூடாது. சாயமிட்ட குஞ்சு மூன்று தொகுதி: சல்லடைக்கு மேல், வலைக்கு முன், ஒப்பீட்டுக்கு. அந்தியில் விடுங்கள், குஞ்சு நகர்வது பெரும்பாலும் இருட்டில்தான். வலையை இரவு முழுக்கக் கட்டி, இரண்டு மணிக்கொருமுறை எடுங்கள், இல்லாவிட்டால் குப்பையில் நசுங்கிச் செத்ததைச் சல்லடையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

#17 · யாக்கிமாவாசி

இதை அப்படியே அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு போகிறேன். சீல் மாற்ற ஒப்புதல் கிடைத்துவிட்டது, மதகு திறக்கும் முன் வேலை முடியும். வண்ணக்கோடு போட்ட மட்டக்கோலும் சேர்த்து வைக்கிறோம். மீன் சோதனைக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

மீன்கொத்தி, ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் வாய்க்காலில் மே மாதம் முதல் பாசி கனமாக வரும். அவ்வளவு நெருக்கமான பை வலை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கண் பெரிதான வலை போட்டால் 35 மி.மீ. குஞ்சு நழுவிவிடும். ஏப்ரலிலேயே சோதனையை முடித்துவிடலாமா?

#18 · மீன்கொத்தி

ஏப்ரலில் முடித்துவிடுங்கள். சின்னக் குஞ்சு இறங்கும் காலமும் அதுதான். வலையின் கண் 3 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். பாசிக் காலத்தில் மீனை விடாமல், இருபக்க மட்ட வித்தியாசத்தையும் வேகத்தையும் மட்டும் அளங்கள். அந்த இரண்டு மாத அளவுகளையும் ஒரே தாளில் எழுதி இங்கே போடுங்கள், கரிகாலன் சாரும் நானும் பார்க்கிறோம்.